விண்வெளிச் சந்தையில் சுமையும் சூதும்

ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கிலுள்ள சீ.சீ.பீ. என்னும் நிறுவனம் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘ஈவ் ஒன்லைன்’ என்னும் கணனி விளையாட்டை வெளியிட்டது. பல தேசத்தவர் ஆயிரக்கணக்கில் ஒரே வேளையில் புகுந்து, நியூ ஈடன் என்னும் கற்பனை விண்மண்டலத்திலே கப்பலோட்டியும், கனிப்பொருள் அகழ்ந்தும், போர் செய்தும், வாணிகம் நடத்தியும் வாழும் உலகம் அது. அங்கு வழங்கும் நாணயத்துக்கு ‘இஸ்க்’ என்று பெயர். ஐஸ்லாந்தின் மெய்யான நாணயத்துக்குரிய மூன்றெழுத்துக் குறியீடும் அதுவேயாம்! அந்த உலகின் பொருளாதாரத்தை ஆராய்வதற்கென்றே 2007இல் எய்யோல்ஃபுர் குட்முண்ட்சன் என்னும் பொருளியல் அறிஞரை அந்நிறுவனம் அமர்த்தியது என்றால், அச்சந்தையைச் சிறுபிள்ளைகளின் மணல்வீடென்று தள்ளிவிட இயலாது என்பது விளங்கும்.

சந்தை உள்ள இடத்தில் சுமை தூக்குவோரும் இருப்பர். ஜீட்டா என்னும் மண்டலத்திலுள்ள பெருஞ்சந்தையிலே பொருள் வாங்கிய ஒருவர், அதனைத் தொலைவிலுள்ள நிலையத்துக்குத் தாமே கொண்டுசெல்ல விரும்பாவிடின், ஓர் ஒப்பந்தத்தை எழுதிப் பொதுவில் வைக்கலாம். எங்கிருந்து எங்கே, பொதியின் கனவளவு எவ்வளவு, கூலி என்ன, எத்தனை நாளுக்குள் என்பன அதிற் காணப்படும். இவற்றோடு ‘பிணைப்பணம்’ என்று ஒன்றும் உண்டு. ஒப்பந்தத்தை ஏற்பவர் அத்தொகையை அப்போதே கட்டிவிடவேண்டும். பொதி உரிய இடத்திற் சேர்ந்தால் பிணைப்பணமும் கூலியும் கைக்கு வரும். சேராவிடின் பிணைப்பணம் முழுவதும் பொதிக்குரியவரைச் சாரும். முன்பின் அறியாத ஒருவரிடம் பொருளை ஒப்படைக்கும் வணிகருக்கு இது நியாயமான காப்பே. ஆனால், வணிகரைக் காக்கவென எழுந்த அந்த வேலியே பயிரை மேய்வதும் உண்டு.

உதாரணமாக, ஓர் ஒப்பந்தத்திலே கூலி 5 கோடி இஸ்க், பிணைப்பணம் 100 கோடி இஸ்க் என்றிருப்பதாகக் கொள்வோம். பொதியினுள் என்ன இருக்கிறதென்பதை ஒப்பந்தம் காட்டாது. உள்ளே ஒரு இலட்சமும் பெறாத சரக்கு இருக்கலாம். அவ்வாறாயின், பொதி போய்ச் சேராமலிருப்பதே அதனை அனுப்பியவருக்கு இலாபம். புதிதாக வந்த ஒருவர் கூலியைப் பார்த்து மகிழ்கிறார். தூண்டிலிற் கோத்த புழு அதுவென்பதை அறியார். ஒருமுறை தவறினால், அந்த நட்டத்தை ஈடுசெய்ய அதே போன்ற 20 பயணங்கள் பழுதின்றி முடியவேண்டும். மாதக்கணக்கில் மாலை வேளைகளில் உழைத்துச் சேர்த்த பணம் ஒரு நிமிடத்திற் போய்விடும். அந்தப் பணமும் வெறும் எண்ணன்று. விளையாட்டு நேரமாக மாற்றத்தக்க ‘பிளெக்ஸ்’ என்னும் பண்டத்தை மெய்யான காசு கொடுத்து வாங்கி, சந்தையில் இஸ்க்குக்கு விற்பார் உளர். ஆதலின் இழந்த இஸ்க்குக்கு வீட்டுச் செலவுக் கணக்கிலும் ஒரு விலை உண்டு.

பொதி சேராமற் செய்யும் உபாயங்கள் பல. அவற்றுள் மிகவும் நுட்பமானது கதவடைப்பு. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலிருந்து, விளையாடுவோர் தாமே பெரிய விண்கோட்டைகளைக் கட்டிக்கொள்ள முடிகிறது. அங்கே யார் கப்பலை நிறுத்தலாம் என்பதைக் கோட்டைக்குரியவரே விதிப்பார்; நினைத்த வேளையில் அதை மாற்றவும் செய்வார். சுமைகாரர் வழியெல்லாம் பத்திரமாகக் கடந்து வாசலை அடைந்தபின் உள்ளே புக அனுமதியில்லை என்ற விடையே கிடைக்கிறது. முதல் நாள் வெறுங்கப்பலோடு சென்று பார்த்தவருக்குத் திறந்திருந்த கதவு, பொதியோடு வரும்போது சாத்தப்படலாம். எனவே, அறிந்தவர் ஒருவரின் கோட்டையாக இருந்தாலன்றி, விளையாட்டே நிறுவியுள்ள பழைய நிலையங்களிடையே நடக்கும் ஒப்பந்தங்களை மட்டும் ஏற்பது நலம். அந்நிலையங்களைத் தனியார் எவரும் தம் விருப்பம்போலப் பூட்ட முடியாது.

மற்றொன்று வழிமறிப்பு. மண்டலங்களுக்கு 1.0 முதல் கீழ்நோக்கிக் காவல் அளவு குறிக்கப்பட்டிருக்கும், 0.5உம் அதற்கு மேலும் உள்ளவை காவல் மிக்கவை. புறப்படும் இடமும் சேரும் இடமும் காவல் மிக்கவை என்பதைக் கண்டு மயங்குதல் கூடாது. சொலிட்டியூட் என்னும் பகுதியில் அத்தகைய மண்டலங்கள் உள்ளன. ஆயினும் ஏனைய காவல் நிலப்பரப்பிலிருந்து அங்கே செல்ல இடையிற் காவல் குறைந்த மண்டலங்களைக் கடந்தேயாகவேண்டும். ஆகவே கையொப்பமிடுமுன் வழி முழுவதையும் வரைபடத்தில் விரித்துப் பார்த்தல் அவசியம். கடந்த ஒரு மணி நேரத்தில் எங்கெங்கே கப்பல்கள் அழிந்தன என்பதையும் அவ்வரைபடம் காட்டும்.

காவல் மிக்க இடத்திலும் ஆபத்து இல்லையெனல் பிழை. கொன்கோர்ட் என்னும் காவற்படை, குற்றம் நடந்தபின் தண்டிக்கும், நடக்குமுன் தடுக்காது. மலிவான சிறுகப்பல்கள் பல ஒருங்கே பாய்ந்து, தாம் அழிவதைப் பொருட்படுத்தாமல் ஒரு பெருஞ்சுமைக் கப்பலைச் சில வினாடிகளில் தகர்த்துவிடும். 0.5 அளவுள்ள உவெடாமா இவ்வகைத் தாக்குதலுக்குப் பேர்போனது. தாக்குவோரும் பொதி அனுப்பியவரும் ஒரே கூட்டத்தவராயின், சில சிறுகப்பல்களின் விலைக்கு 100 கோடி கிடைத்த கணக்காகும். கப்பலைத் தானியங்கிக் கருவியிடம் விட்டுவிட்டுத் தேநீர் அருந்தச் செல்பவர் இவர்களுக்கு எளிய இரை. அக்கருவி கப்பலை ஒவ்வொரு வாசலுக்கும் எட்டத்தே நிறுத்தி, மெல்ல மெல்லவே நகர்த்தும்.

பெரிய பிணைப்பணம் யாவும் வஞ்சகம் என்று கொள்வதும் சரியன்று. விலையுயர்ந்த பொருளை அனுப்பும் நேர்மையான வணிகர் அதனைக் கேட்டே தீருவர். ஐயுறவேண்டியது, குறுகிய வழிக்கும் சிறிய பொதிக்கும் ஒவ்வாத கொழுத்த கூலியையும், ஜீட்டாவின் பொது உரையாடலிலே கூவிக்கூவி அழைக்கப்படும் ஒப்பந்தங்களையுமே. கையிலுள்ளது முழுவதையும் ஒரே பிணையிற் கட்டுதல் எவ்வகையிலும் தகாது. முறையிட்டு மீட்கலாம் என்ற நம்பிக்கையும் வீண். இத்தகைய ஏமாற்று அவ்விளையாட்டின் விதிக்குப் புறம்பானதன்று. நிறுவனம் இழப்பை ஈடுசெய்வதில்லை.

கதவு அடைபட்டபின் சிலருக்கு மற்றொரு செய்தியும் வரும்: இன்னும் சிறிது பணம் அனுப்பினால் வாசல் திறக்கப்படும் என்பது அது. முதலில் ஏமாந்தவர் பலர் அதையும் கொடுத்துவிடுகின்றனர். கதவோ திறப்பதில்லை. ஒப்பந்த நாள் கடந்ததும் பிணைப்பணம் எதிரியிடம் போகிறது. பொதி மட்டும் சுமைகாரரின் கப்பலிலேயே கிடக்கிறது.