கொடி விழும் நேரம்

ஈப்போ பழைய நகரத்தில் 1909இல் எழும்பிய பெர்ச் மணிக்கூண்டு எல்லாருக்கும் ஒரே நேரத்தைத்தான் சொல்கிறது. அந்நாளில் ரப்பர் தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, அடித்த மணியும் அப்படித்தான். யார் பிந்தினாலும் காத்திருக்காது. செஸ் கடிகாரம் வேறு ரகம். ஒரே பெட்டியில் இரண்டு கடிகாரங்கள்; ஒன்று ஓடினால் மற்றது நிற்கும். காயை நகர்த்திய அதே கையால் பொத்தானை அழுத்த வேண்டும். உடனே உங்கள் நேரம் நின்று எதிராளியின் நேரம் ஓடும். யோசிப்பவர் கணக்கில்தான் பற்று.

முள் வைத்த பழைய கடிகாரத்தில், 12ஐ நெருங்கும் நிமிட முள் ஒரு சிறு கொடியைத் தூக்கும். நேரம் முடிந்ததும் கொடி விழும். குறித்த நகர்த்தல்கள் முடியவில்லையா, ஆட்டம் போச்சு. நன்றாக ஆடியவர்கூடக் கடைசி நொடிகளில் கை நடுங்கிக் காயை உருட்டிவிடுவார். இதற்கு மருந்து கண்டவர் செஸ் வீரர் பாபி ஃபிஷர். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் சில நொடிகளைக் கூட்டித் தரும் மின்னணுக் கடிகாரத்துக்கு 1989இல் காப்புரிமை பெற்றார். 1992இல் பழைய எதிராளி ஸ்பாஸ்கியோடு மோதியபோது அதை வைத்தே ஆடினார். அவருடைய வாய்த்துடுக்கை மன்னிக்க இந்த ஒன்று போதும் என்பேன்!

இன்றைய செஸ் ஒலிம்பியாட் அணிப் போட்டியில் முதல் 40 நகர்த்தலுக்கு 90 நிமிடம், பிறகு 30 நிமிடம். ஆரம்பம் முதலே நகர்த்தலுக்கு 30 நொடி கூடும். சலுகைக்கு ஒரு விலையும் உண்டு: எவ்வளவு நெருக்கடியிலும் ஒவ்வொரு நகர்த்தலையும் தாளில் எழுதியாக வேண்டும்.

பெண்கள் அணியில் நால்வர் ஆடுவார்கள், ஒருவர் மாற்று. அணித்தலைவர் பின்னால் நிற்கலாம். சமன் கேட்கலாமா, ஏற்கலாமா என்று சொல்லலாம். பலகையைப் பற்றி வாய் திறக்கக் கூடாது.

2024 செப்டம்பரில் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில், சென்னை வைஷாலியும் இடம்பெற்ற இந்தியப் பெண்கள் அணி எட்டாம் சுற்றில் போலந்திடம் தோற்றது. அடுத்து அமெரிக்கா. அங்கும் தோல்வி நெருங்கியது. நான்காம் பலகைக்காரர் வந்திகா அகர்வாலுக்கோ நேரம் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. அந்த 30 நொடிகளைப் பிடித்துக்கொண்டே ஆடி, அனுபவசாலி ஐரினா கிரஷை வென்றார். மோதல் 2-2. சமனுக்கு ஒரு புள்ளி.

பதினோரு சுற்றும் முடிந்தபோது இந்தியா 19, கசகஸ்தான் 18. தங்கம் இந்தியாவுக்கு.