நம் உடலும் அன்றாடச் சிறு இன்பங்களும்

தறியில் ஓர் இழை அறுந்தால் நெசவாளர் உடனே கையை நிறுத்துகிறார். அறுந்த முனையைத் தேடிப் பிடித்து முடிச்சிட்ட பின்பே மேலே நெய்யத் தொடங்குகிறார். ஏர்மாட்டின் கழுத்தில் நுகத்தடி உராய்ந்து புண் கண்டால், உழவர் அது ஆறும் வரையில் அம்மாட்டை ஏரில் பூட்டுவதில்லை. கருவியையும் கால்நடையையும் இவ்வளவு கருத்தோடு பேணுகின்ற நாம், அவற்றையெல்லாம் இயக்குகின்ற நம் உடலைப் பற்றி எப்பொழுது நினைக்கிறோம்? பெரும்பாலும் வலி கண்டபொழுதுதான். அப்பொழுதும் "இந்தப் பாழும் முதுகு", "இற்றுப்போன இடுப்பு" என்று வைதுகொண்டே நினைக்கிறோம்.

வலியைத் தவிர வேறொரு மனக்குறையும் உண்டு. நூல் உராய்ந்து காய்ப்பேறிய விரல், தறிக்குழியில் அமர்ந்து அமர்ந்து கூனிய தோள், வெயிலில் கறுத்த மேனி, நாற்றங்காலில் நின்று வெடித்த பாதம் ஆகியவற்றைப் பற்றி நம்மில் பலர் உள்ளூர வெட்கப்படுகின்றனர். நான்கு பேர் கூடும் திருமண வீட்டில் கைகளைச் சேலைத் தலைப்பிற்குள் மறைத்துக்கொள்ளும் பெண்கள் நம் ஊர்களில் இல்லாமலில்லை. திரைப்படங்களிலும் கைப்பேசியிலும் ஓயாது காணும் அழகுருவங்களோடு நம்மை ஒப்பிட்டுப் பார்ப்பதால் இக்குறை இளைஞர்களிடத்தில் மேலும் வளர்ந்து வருகிறது. 2019-20-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இத்தொழிலில் ஈடுபட்டிருப்போர் 35 லட்சத்திற்கு மேற்பட்டவர்கள். அவர்களுள் பத்தில் ஏழு பேர் பெண்கள். ஆகவே இது ஏதோ சிலருடைய மனக்குறை என்று தள்ளிவிடக் கூடியதன்று.

உடலை அதன் தோற்றத்தைக் கொண்டே மதிப்பிடும் வழக்கத்தை விட்டு, அது செய்யும் வேலையைக் கொண்டு மதிக்கப் பழக வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அவ்வாறு மதிக்கப் பழகியவர்களுக்கு அன்றாட வாழ்வில் சிறு இன்பங்கள் பல புலப்படும். உடலுக்கு நேரும் கேடும் முன்கூட்டியே தெரியவரும்.

விரல் நுனியின் கல்வி

கைதேர்ந்த நெசவாளர் ஒருவரிடம் இரண்டு நூற்கண்டுகளைக் கொடுத்தால், எது 60-ஆம் நம்பர், எது 80-ஆம் நம்பர் என்பதை விரலால் உருட்டிப் பார்த்தே கூறிவிடுவார். பருத்தி விளைவிப்பவர் பஞ்சைக் கையில் எடுத்த மாத்திரத்தில் அதில் ஈரம் இருக்கிறதா என்பதை அறிவார். நெல்லைக் கடித்துப் பார்த்தே அது போதுமான அளவு காய்ந்துவிட்டதா என்று சொல்லும் பெரியவர்கள் இன்றும் நம்மிடையே உள்ளனர். இவற்றை நாம் சாதாரணமாக எண்ணிவிடுகிறோம்.

விஞ்ஞானிகள் இதைச் சாதாரணமாக எண்ணவில்லை. 2013-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள், மிக நுண்ணிய வரிகள் பதித்த பரப்புகளைச் செய்து, கண்ணைக் கட்டிய நிலையில் மக்களைத் தொட்டுப் பார்க்கச் செய்தனர். 13 நானோமீட்டர் உயரமுள்ள வரிகளையும் விரல் நுனி வழவழப்பான பரப்பினின்று வேறு பிரித்து அறிந்தது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்காக வகுத்தால், அப்பங்கு ஒன்றினும் சற்றே மேற்பட்ட அளவு அது. இத்தகைய கருவியைத்தான் நாம் ஒவ்வொருவரும் கைக்குப் பத்தாக இல்லாவிடினும், இரு கைக்குமாகப் பத்து வைத்திருக்கிறோம்!

மற்றொரு விந்தையையும் கருதுவோம். குழித்தறியில் நெய்பவர் தம் காலைப் பார்ப்பதில்லை. ஆயினும் இன்ன மிதியை இன்னபொழுது அழுத்த வேண்டும் என்பதைக் கால் அறிந்திருக்கிறது. நாடாவை எறிந்த கையும், அதனை மறுபுறம் வாங்கும் கையும், பலகையை இழுத்து ஊடையைத் தட்டும் கையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டா வேலை செய்கின்றன? கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நுனியைத் தொடும்படி கூறினால் எல்லோரும் தொட்டுவிடுவோம். நம் அங்கங்கள் எங்கே, எந்நிலையில் இருக்கின்றன என்பதை உடல் கண்ணின் துணையின்றியே அறிகின்றது. இவ்வறிவு நரம்புகளில் எவ்வாறு பிறக்கின்றது என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. நரம்பு முனையில் அழுத்தத்தையும் நீட்சியையும் உணரும் நுண்ணிய வாயில்களைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் என்பவருக்கும், வெப்பத்தை உணரும் வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் என்பவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஜூலியஸ் இதற்குத் துணையாகக் கொண்ட பொருள் நம் அடுக்களையில் உள்ள மிளகாயின் காரமே. காரம் பட்டால் விழித்தெழும் அதே வாயில் சூடு பட்டாலும் விழித்தெழுகிறது. காரமான குழம்பு உண்டால் நாக்கு எரிவது இதனாலேயே. படபூட்டியன் கண்டறிந்த வாயில்களுள் ஒன்று பிறவியிலேயே செயலற்றுப்போன சிலர் உள்ளனர். கண்ணால் பாராவிட்டால் தம் கை எங்கே இருக்கிறது என்பதையே அவர்கள் சரியாகக் கூற இயலாது. நாம் நாள் முழுவதும் எண்ணாமலே பெற்றுவரும் பேறு எத்தகையது என்பது இதனால் விளங்கும்.

எழுதிப் பார்த்த பெண்கள்

உடலின் வேலையை நினைத்துப் பார்ப்பதால் மனக்குறை தீருமா என்று சிலர் வினவலாம். நெதர்லாந்து நாட்டில் ஜெசிகா அலேவா என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் இதனைச் சோதித்து 2015-ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். தம் உடலைப் பற்றிக் குறைபட்டுக்கொண்டிருந்த இளம்பெண்களுள் ஒரு பகுதியினரை, தம் உடல் என்னென்ன செய்ய வல்லது, அது தமக்கு ஏன் அருமையானது என்று மூன்று முறை எழுதச் செய்தனர். மற்றொரு பகுதியினர் வேறு பொருள் பற்றி எழுதினர். உடலின் ஆற்றலைப் பற்றி எழுதிய பெண்கள், தம் உடலின் திறத்தைக் குறித்து மட்டுமின்றித் தோற்றத்தைக் குறித்தும் முன்னிலும் மனநிறைவு பெற்றனர். அவர்களுடைய உருவத்தில் ஒரு மாற்றமும் நேரவில்லை. பார்க்கும் முறையே மாறிற்று.

நம் வீடுகளில் இதற்கென்று தாளும் எழுதுகோலும் எடுக்க வேண்டியதில்லை. இரவு படுக்கப் போகுமுன், "இன்று இந்தக் கைகள் என்ன செய்தன?" என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தால் போதும். எத்தனை தார் சுற்றின, எத்தனை முழம் நெய்தன, எத்தனை குடம் நீர் சுமந்தன, எந்தக் குழந்தையைத் தட்டித் தூங்கவைத்தன என்று எண்ணிக்கொண்டே போனால், காய்ப்பேறிய விரலை மறைக்கும் எண்ணம் மெல்ல அகலும். காய்ப்பு என்பதே, ஓயாத உராய்வினின்று உட்சதையைக் காக்கத் தோல் தானாகத் தடித்துக்கொள்ளும் ஏற்பாடன்றோ?

காசு வேண்டாத இன்பங்கள்

நண்பகல் வெயிலில் களையெடுத்துவிட்டு வேப்பமர நிழலில் வந்து நிற்கும்பொழுது, மெல்லிய காற்று ஒன்று வீசினால் உடல் முழுவதும் குளிர்ந்து போகிறது. வியர்வை ஒரு லிட்டர் ஆவியாவதற்கு ஏறக்குறைய 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலினின்று எடுத்துக்கொள்கிறது. மண்பானையின் புறத்தே கசியும் ஈரம் உள்ளிருக்கும் நீரைக் குளிர்விப்பதும் இதே முறையில்தான். வியர்வையை அருவருப்பாக எண்ணுவோர், வியர்க்காத உடல் கோடையில் பிழைக்க முடியாது என்பதை நினைவிற் கொள்வார்களாக. அந்நிழலில் இரண்டு நிமிடம் நின்று காற்றை முழுமையாக அனுபவிப்பதும், இழந்த நீருக்கு ஈடாகப் பானைத் தண்ணீரோ உப்பிட்ட மோரோ நிதானமாகப் பருகுவதும் சோம்பலாகா. அவை உடலுக்குச் செலுத்த வேண்டிய கடன்.

கோடையின் முடிவில் முதல் மழை பெய்தவுடன் எழும் மண்வாசனையை விரும்பாத உழவர் யார்? 1964-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளான ஜாய் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்னும் இருவர் இம்மணத்தை ஆராய்ந்து அதற்கென ஒரு பெயரும் இட்டனர். உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் நகரத்து அத்தர் வணிகர்களோ சுட்ட மண்ணினின்று அம்மணத்தை வடித்து வெகுகாலமாக விற்று வருகின்றனர். அவ்வாசனைக்குக் காரணமான பொருள்களுள் ஒன்றை மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குகின்றன. அதனை நீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலும் மனிதரின் மூக்கு கண்டுபிடித்துவிடும். பிறர் விலை கொடுத்து வாங்கும் அத்தரை, வயலோரத்தில் வாழ்வோருக்கு மழை வீடு தேடி வந்து தருகிறது. அப்பொழுது ஒரு கணம் நின்று மூச்சை இழுக்க மறந்துவிடுகிறோம் என்பதுதான் குறை.

பசியும் இத்தகையதே. திருக்குறளின் 95-ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்று பெயர். ஆயினும் அதன் பெரும்பகுதி பேசுவது முன்னுண்டது செரித்தபின் அளவோடு உண்பதைப் பற்றியே. உழைத்துப் பசித்தவனுக்குப் பழையசோறும் சின்ன வெங்காயமும் தரும் சுவை, பசியாதவனுக்கு விருந்திலும் கிட்டாது. ஆனால் தறியை விட்டு எழுந்த வேகத்தில், கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே அள்ளிப் போட்டுக்கொண்டால், உண்டது எது என்பதுகூட நாவிற்குத் தெரியாமல் போய்விடும்.

இன்பத்தை அறிந்தவர் கேட்டையும் அறிவார்

இச்சிறு இன்பங்களை நாம் வற்புறுத்துவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நெடுநேரம் குனிந்திருந்தபின் எழுந்து இரு கைகளையும் மேலே நீட்டிச் சோம்பல் முறிக்கும்பொழுது எவ்வளவு சுகமாக இருக்கிறது! நம் முதுகெலும்பின் கணுக்களுக்கிடையே நீர் நிறைந்த மெத்தை போன்ற தட்டுகள் உள்ளன. வளர்ந்தவர்களுக்கு அவற்றின் உட்பகுதிக்கு நேரே இரத்தக்குழாய் செல்வதில்லை. நாம் அசைவதாலும், படுத்து ஓய்வதாலுமே அவை நீரையும் ஊட்டத்தையும் பெறுகின்றன. பகலெல்லாம் சுமை தாங்கிச் சற்று அமுங்கி, இரவு உறக்கத்தில் அவை மீண்டும் பருக்கின்றன. காலையில் அளந்தால் நாம் மாலையைவிட ஒரு சென்டிமீட்டர் அளவிற்கு உயரமாக இருப்பது இதனால்தான். எழுந்து நிமிரும்பொழுது தோன்றும் சுகம், அசைவு வேண்டும் என்று உடல் கேட்டதற்கு நாம் இணங்கியதன் அடையாளம். வழக்கமாக அச்சுகம் தோன்றும் இடத்தில் ஒருநாள் வலி தோன்றினால், அல்லது கால் மரத்துப்போனால், உடலைக் கவனித்துப் பழகியவர் அன்றே அறிந்துகொள்வார். பழகாதவர் தறியில் அமரவே முடியாத நாள் வந்த பின்னரே வைத்தியரிடம் செல்வார்.

கண்ணும் அவ்வாறே. பாவின் இழைகளையே கூர்ந்து நோக்கும்பொழுது கண்ணினுள் இருக்கும் சிறு தசை ஒன்று ஓயாது இறுகியிருக்கிறது, இமைப்பதும் குறைகிறது. சன்னல் வழியே தொலைவிலுள்ள தென்னையையோ வானத்தையோ சற்று நேரம் பார்த்தால் அத்தசை தளர்ந்து கண் இளைப்பாறும். நாற்பது வயதிற்குமேல் வெள்ளெழுத்து தோன்றுவது இயற்கை. அதனை முதுமையின் இழிவாகக் கருதி மறைப்போர் பலர். அஸ்ஸாமில் 40 வயதைக் கடந்த தேயிலைத் தொழிலாளர்கள் 700-க்கு மேற்பட்டோரிடையே ஒரு சோதனை நடத்தி, 2018-ஆம் ஆண்டில் அதன் முடிவை வெளியிட்டனர். கிட்டப் பார்வைக்குரிய கண்ணாடி பெற்றவர்கள், பெறாதவர்களைக் காட்டிலும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இலை பறிக்கும் நிலையை அடைந்தனர். கண்ணாடி அணிவதற்கு வெட்கப்படுவதால் நேரும் நஷ்டம் எவ்வளவு என்பதை இதனின்று உய்த்துணரலாம்.

சங்கம் செய்யக்கூடியது

இருப்பதைக் கொண்டு மகிழ்ந்து, குறைந்த கூலிக்கும் இருண்ட தறிக்கூடத்திற்கும் பொறுமையாக இணங்கியிருங்கள் என்று நாம் கூறுவதாக எவரும் எண்ண வேண்டா. உடலின் அருமையை அறிந்தவரே அதற்குரிய கூலியையும் ஓய்வையும் அழுத்தமாகக் கேட்பார். நெய்த முழத்திற்குக் கூலி என்னும் முறையில், எழுந்து நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பாகத் தோன்றுவது உண்மை. தனியொருவர் இதனை எதிர்த்து நிற்பது கடினம். ஆகவே தறிக்கூடத்தில் போதிய வெளிச்சம், குழியின் ஆழத்திற்கேற்ற இருக்கை உயரம், ஆண்டிற்கொரு முறை கண் பரிசோதனை, முற்பகலிலும் பிற்பகலிலும் எல்லோரும் ஒருங்கே எழுந்து நிமிரும் சிறு இடைவேளை ஆகியவற்றை நம் சங்கக் கூட்டங்களில் தீர்மானங்களாகக் கொண்டுவரலாம். தறியின் பண்ணை தேய்ந்தால் புதிது வாங்கப் பணம் ஒதுக்குகிறோம். நெய்பவரின் கண்ணுக்கும் முதுகுக்கும் ஒதுக்குவதில் தயக்கம் எதற்கு?

வீட்டளவில் செய்யக்கூடியவையும் உள்ளன. ஒரு தார் தீர்ந்து மறு தாரை நாடாவில் இடும்பொழுது, தலையை நிமிர்த்தித் தொலைவில் ஒருமுறை பார்க்கலாம். நாளில் ஒரு வேளையேனும் வேறு எதையும் பாராமல் சுவைத்து உண்ணலாம். மாலையில் கைகால் கழுவும்பொழுது, அவசரமாக நீரை வாரி ஊற்றாமல், உழைத்த பாதத்தைத் தேய்த்துத் தடவிக் கழுவலாம். வெடிப்புகளுக்குச் சிறிது எண்ணெய் இட்டுத் திண்ணையில் அமர்ந்து காற்று வாங்கலாம். வீட்டிலுள்ள பெண்களுக்கும் அந்தத் திண்ணையில் இடமும், அமர்வதற்கு நேரமும் கிடைக்கும்படி ஆடவர்கள் வேலையில் பங்கெடுத்துக்கொள்வார்களாக. சமையலும் தார் சுற்றலும் முடியுமுன் இரவு வந்துவிடுகின்ற வீட்டில், உடலைப் போற்றும்படி பெண்களுக்கு உபதேசம் செய்வதால் பயன் இல்லை.