கோவிட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு ஏன் இவ்வளவு சளி?



"கோவிட்டுக்கு முந்தி இப்படி இல்லீங்களே டிரெசர் ஐயா! அதுக்கப்புறம் பிள்ளைங்களுக்கு மாறி மாறிச் சளி. உடம்புல சத்தே போச்சா?" தோட்டத்துக் கிளினிக்கில் இந்தக் கேள்வியைப் பல தாய்மார்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளின் உடம்பு கெட்டுப் போகவில்லை. நடந்தது வேறு.

சளிக் காய்ச்சலைக் கொடுக்கும் வைரஸ் கிருமிகள் பல உண்டு. அவற்றில் ஆர்.எஸ்.வி. என்பது கைக்குழந்தைகளுக்குப் பொல்லாதது. சாதாரண காலத்தில், இரண்டு வயது முடிவதற்குள் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு தடவையாவது இது வந்துவிடும். பெரும்பாலான பெரியவர்களுக்கு இது வெறும் தடிமன்தான். கைக்குழந்தைக்கோ நுரையீரலில் உள்ள சின்னக் குழாய்கள் வீங்கி, சளி அடைத்து, மூச்சு இளைக்கும்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது. பள்ளிக்கூடங்கள் மூடின. பிறகு எல்லாரும் முகக்கவசம் போட்டோம். கோவிட்டைத் தடுக்கச் செய்த காரியம் மற்றச் சளிக் கிருமிகளையும் தடுத்துவிட்டது. அந்தச் சமயத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் ஆர்.எஸ்.வி.யைக் காணவே இல்லை. தாய்மாரும் காணாததால், வயிற்றுப் பிள்ளைக்கு அவர்கள் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தியும் குறைந்தது. கட்டுப்பாடு தளர்ந்ததும், இரண்டு வருடக் கடனை ஒரே சம்பளத்தில் பிடித்த மாதிரி, ஏராளமான பிள்ளைகள் ஒரே நேரத்தில் நோயில் விழுந்தார்கள்.

இது பல நாடுகளில் நடந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் 2020 குளிர்காலத்தில் ஆர்.எஸ்.வி. ஏறக்குறைய இல்லாமலே போனது. ஆனால் அந்த வருடக் கடைசியில், நல்ல வெயில் காலத்தில், அது பெருமளவில் கிளம்பியது. வழக்கத்தைவிட வயது கூடிய பிள்ளைகளும் அதில் அகப்பட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது வீட்டிலுள்ள கைக்குழந்தையை. பள்ளிக்கூடம் போகும் அண்ணன்தான் பெரும்பாலும் சளியை லயத்து வீட்டுக்குள் கொண்டு வருவான். அவனுக்கு இருமல் என்றால், சின்னதை முத்தம் கொடுக்க விடாதீர்கள். வேலை விட்டு வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே குழந்தையைத் தூக்குங்கள். குழந்தை பக்கத்தில் சிகரெட், கொசுவத்தி, சாம்பிராணிப் புகை வேண்டாம். மூக்கில் தைலம் தடவாதீர்கள். தாய்ப்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள்.

குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குக் கீழே 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்தக் கணக்கை எட்டினாலோ, நெஞ்சு உள்ளே குழிந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

ஒரு நாள் கூலி போகுமே என்று தயங்க வேண்டாம். கூலியை நாளைக்குச் சம்பாதித்துக் கொள்ளலாம்.