பாதை காட்டும் கணக்கு – 9: அறுபத்து நான்கு ஊர் நெதர்லாந்து

ரோட்டர்டாமிலிருந்து க்ரோனிங்கனுக்குப் போக எது மிகக் குறைந்த தூரம்? ஆம்ஸ்டர்டாமின் கணித மையம் 1956இல் ஆர்மாக் என்ற புதுக் கணினியை மக்களுக்குக் காட்டியபோது, அங்கே நிரலாளராக இருந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா தேர்ந்தெடுத்தது இந்த மாதிரிக் கேள்வியைத்தான். கணிதம் தெரியாதவருக்கும் கேள்வியும் விடையும் புரிய வேண்டும் அல்லவா! மணக்கவிருந்த பெண்ணோடு கடைகடையாக ஏறி இறங்கிக் களைத்துப்போய், காபிக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த இருபது நிமிடத்தில் அதற்கான வழிமுறையைப் போட்டு முடித்தார். தாளும் இல்லை, பேனாவும் இல்லை.

கதை சொல்பவர்கள் பெரும்பாலும் காபியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவர் வரைபடத்தில் வைத்த கத்தரிதான் இன்னும் சுவாரசியம். நெதர்லாந்தில் 64 ஊர்களை மட்டும் எடுத்துக்கொண்டார். 64 வரை என்றால் ஓர் ஊரைக் குறிக்க 6 பிட் போதும். 65ஆவது ஊர் வந்தால் ஏழாவது பிட் வேண்டும். ஊர்களை விடலாம், அவற்றின் வழியே போகும் தூரத்தை விட முடியாது. சாலை வரைபடத்தைச் சுருக்கும் வேலை முழுவதும் இந்த ஒரு நிபந்தனையில்தான் நிற்கிறது.

2004இல் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இணைய வரைபடத்தில் ஒவ்வொரு சாலையும் புள்ளிகளின் சரம். இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்க்கு வடக்குப் பக்கமாக ஏறினால் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றும் வளைவாகத் தெரியப் பல புள்ளிகள் தேவை. ஆனால் வண்டி ஓட்டுபவருக்கு வளைவில் என்ன முடிவெடுக்க இருக்கிறது? ஸ்டீயரிங்கை ஒடிப்பதைத் தவிர ஒன்றுமில்லை.

எனவே ஒரு புள்ளியில் எத்தனை கோடுகள் சேர்கின்றன என்று எண்ணுகிறார்கள். மூன்றோ அதற்கு மேலோ என்றால் அது சந்திப்பு, இருக்கட்டும். ஒன்றே என்றால் முட்டுச்சந்து, அதுவும் இருக்கட்டும். இரண்டு மட்டும் என்றால் எடுத்துவிட்டு, இருபுற நீளத்தையும் கூட்டி ஒரே கோடாக்கலாம். ஜெஃப் போயிங் உருவாக்கிய ஓஎஸ்எம்என்எக்ஸ் மென்பொருள் இதைத்தான் செய்கிறது. வளைந்த உருவத்தைக் கோட்டோடு தனியாகக் கட்டிவைத்துவிடுவதால் படமும் கெடுவதில்லை.

அடுத்த தலைவலி, நடுவில் தடுப்பு வைத்த சாலைகள். அப்படிப்பட்ட இரண்டு சாலைகள் வெட்டிக்கொண்டால் ஒரே நாற்சந்திக்குக் கணினியில் நான்கு புள்ளிகள் விழும்; அவற்றை ஒன்றாக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவற்றையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்கினாலோ, மேம்பாலத்தில் போகிற வண்டி கீழ்ச் சாலைக்குக் குதித்து இறங்கும்!

இவ்வளவு சுருக்கியும் ஒரு கண்டத்துக்குப் போதவில்லை. ஆய்வாளர்கள் பயன்படுத்தும் மேற்கு ஐரோப்பிய வரைபடத்தில் சுமார் 1 கோடியே 80 லட்சம் புள்ளிகள். டைக்ஸ்ட்ராவின் முறை அதில் ஒரு கேள்விக்கே சில வினாடிகள் எடுக்கும். 2008இல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ராபர்ட் கைஸ்பெர்கரும் பீட்டர் சாண்டர்ஸ் உள்ளிட்ட கூட்டாளிகளும் ஒரு வழி சொன்னார்கள். அது முதலில் கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும்: சுருக்குவதற்காகக் கோடுகளைக் கூட்டினார்கள்.

எல்லாப் புள்ளிகளையும் முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தி, கடைசியில் இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாக அகற்ற வேண்டும். அகற்றப்படும் சந்திப்பிலிருந்து கிழக்கே 300 மீட்டரில் ஒரு சந்திப்பு, மேற்கே 500 மீட்டரில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கிடையே வேறு வழியில் 700 மீட்டரில் போக முடிந்தால், நடுப்புள்ளியைப் பேசாமல் எடுத்துவிடலாம். முடியாவிட்டால் இரண்டையும் இணைத்து 800 மீட்டர் என்று ஒரு கற்பனைக் கோடு. சந்துபொந்துகளில் தொடங்கும் இந்த வேலை நெடுஞ்சாலைச் சந்திப்புகளில் முடியும். பிறகு யாராவது வழி கேட்டால், புறப்படும் இடம், சேரும் இடம் இரண்டிலிருந்தும் முக்கியமான புள்ளிகளை நோக்கி மேலேறினால் போதும். இரண்டு தேடல்களும் நடுவே சந்திக்கும். கற்பனைக் கோடுகளைப் பிரித்தால் அசல் தெருக்கள் வந்துவிடும். விடை கிடைக்க ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. அது தோராயமும் அல்ல. டைக்ஸ்ட்ராவின் முறை தரும் அதே தூரம்.

ஆனால் கற்பனைக் கோடுகள் போட்ட அன்றைய கணக்குக்குத்தான் சரி. பயண நேரத்தை வைத்துப் போட்டவை, ஒரு பாலத்தில் நெரிசல் வந்ததுமே பொய்யாகத் தொடங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதிதாகப் போட முடியுமா? மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2011இல் வேறு கோணத்தில் வந்தார்கள்: வேகத்தைப் பார்க்காமல் வரைபடத்தை முதலில் துண்டு போட்டுவிட்டு, நெரிசல் மாறும்போது ஒவ்வொரு துண்டையும் கடக்கும் நேரத்தை மட்டும் திருத்துவது. எங்கே வெட்டுவது என்பதில் ஆறுகளும் மலைகளும் அவர்களுக்குக் கைகொடுத்த விதம், அடுத்த வாரம்.

(தொடரும்)