பாஸ்போர்ட்டில் இரண்டு அமெரிக்க விசா

பத்து வருட விசிட்டர் விசா ஒரு பக்கத்தில். மும்பையில் இன்டர்வியூ முடிந்து ஒட்டிவந்த இமிக்ரன்ட் விசா இன்னொரு பக்கத்தில். மகன் அமெரிக்கக் குடிமகன். பெற்றோருக்கு அவன் மனுப் போட்டு வந்த விசா அது. 'பேத்தி பிறந்தநாளுக்கு இப்போது விசிட்டர் விசாவில் போய்வருவோம். வீட்டை வாடகைக்கு விட்டு, பேங்க் வேலையெல்லாம் முடித்துக்கொண்டு, இமிக்ரன்ட் விசாவில் பிறகு போகலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்கு விமான நிலையத்தில் உதைக்கும்.

விசிட்டர் விசாவை நீட்டுகிறவர், 'சொந்த ஊரில் எனக்கு வீடு இருக்கிறது, திரும்பிவிடுவேன்' என்று சொல்வதாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு, விசா கேட்டு வருகிறவரைக் குடியேற வருகிறவராகவே முதலில் கருதுகிறது; இல்லையென்று காட்டுவது அவர் பொறுப்பு. ஹெச்-1பி, எல்-1 வேலை விசாக்களுக்கு இதில் விலக்கு உண்டு, விசிட்டர் விசாவுக்குக் கிடையாது. குடியேறும் விசாவையே கையில் வைத்துக்கொண்டு 'குடியேற வரவில்லை' என்றால் அதிகாரி எப்படி நம்புவார்? கம்ப்யூட்டரில் அவருக்கு இரண்டும் தெரியும். திருப்பி அனுப்பலாம். கேட்டதற்குப் பொய் சொல்லி அது மோசடி என்று பதிவானால், ஆயுள் முழுக்க நுழையத் தடை வரை போகும்.

முதலில் விசிட்டர் விசாவின் மேல் ரத்து முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் பேச்சே இல்லை.

சரி, பிறந்தநாளுக்கு எப்படித்தான் போவது? இமிக்ரன்ட் விசாவிலேயே போங்கள். அது பெரும்பாலும் ஆறு மாதத்துக்குத்தான். விசாவுக்காக எடுத்த மெடிக்கல் பரிசோதனை காலாவதியானால் அதற்கு முன்பே முடியும். நுழையும்போது அதில் குத்தும் முத்திரையே ஒரு வருடத்துக்குத் தற்காலிக கிரீன் கார்டாகச் செல்லும். அட்டை அச்சாக 235 டாலர் கட்ட வேண்டும். கிளம்புவதற்கு முன் ஆன்லைனில் கட்டிவிடுவது நல்லது. பிறகு ஊருக்கு வந்து வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். ஊரில் தங்குவது ஆறு மாதத்துக்குள் இருந்தால் கேள்வி குறைவு. ஒரு வருடம் தாண்டும் என்றால், அமெரிக்காவில் இருக்கும்போதே ஐ-131 படிவத்தில் ரீ-என்ட்ரி பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். பெர்மிட் பொதுவாக இரண்டு வருடத்துக்குக் கிடைக்கும்.

ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. நுழைந்த நாளிலிருந்து நீங்கள் அமெரிக்க வரிக்கு உட்பட்டவர். இங்கே வரும் வாடகை, டெபாசிட் வட்டி எல்லாம் அந்தக் கணக்கில் வரும். சம்பளமும் சொத்தும் இங்கே இருப்பவர்கள் டிக்கெட் போடுமுன் ஆடிட்டரைப் பார்ப்பது உத்தமம்.

மனு மட்டும் நிலுவையில் இருந்து, இமிக்ரன்ட் விசா இன்னும் வராதவர்கள் கதை வேறு. அண்ணன் தம்பிக்குப் போடும் மனு இந்தியர்களுக்குப் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுக்கிறது. அதுவரை விசிட்டர் விசாவில் போகச் சட்டத்தில் தடையில்லை. திரும்பி வருவதற்கான காரணத்தைக் காட்டத் தெரிய வேண்டும். விசா படிவத்தில் 'உங்களுக்காக யாராவது குடியேற்ற மனுப் போட்டிருக்கிறார்களா' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே எழுதுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை சில மாதம் பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்கிற பெற்றோருக்கு, என்னைக் கேட்டால், விசிட்டர் விசாவே போதும். கிரீன் கார்டு வாங்கியபின் வேண்டாமென்று தோன்றினால், ஐ-407 படிவத்தில் அதை ஒப்படைத்துவிட்டு விசிட்டர் விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்.