சின்ன மீனைத் தண்ணீரில் விட்டால் தப்பா? டெக்சாஸ் ஏரியின் வினோத விதி... காரணம் இதுதான்!

தூண்டிலில் பொடி மீன் மாட்டினால் என்ன செய்வோம்? "பொழைச்சுப் போ" என்று தண்ணீரிலேயே விட்டுவிடுவோம். ஆனால் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள லேக் ஃபோர்க் ஏரிக்கு, அந்த மாநில வனவிலங்குத் துறை கொண்டுவந்த ஒரு விதி அப்படியே தலைகீழ். டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி நாள் வரை கிராப்பி மீன் மாட்டினால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் திருப்பி விடக் கூடாது. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயே ஆகணும். 25 மீன் சேர்ந்ததும் கிராப்பி வேட்டை முடிந்தது. இத்தனைக்கும் மற்ற மாதங்களில் 10 அங்குலத்துக்குக் குறைவான கிராப்பியை வைத்துக்கொண்டால்தான் தப்பு!

ஏன் இந்த முரண்பாடு?

டல்லாஸ் நகருக்குக் கிழக்கே, காரில் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது லேக் ஃபோர்க். 1980-ல் அணை கட்டி உருவாக்கப்பட்டது, சுமார் 27,000 ஏக்கர் பரப்பு. இலையுதிர் காலம் முடிகிற நவம்பரில் இங்கே படகுகள் வரிசை கட்டும். எல்லோருடைய குறியும் இரண்டு மீன்கள்தான். ஒன்று பாஸ், இன்னொன்று கிராப்பி. பாஸ் ஆளோடு மல்லுக்கட்டும், அதனால் விளையாட்டுக்கு. கிராப்பி ருசியானது, அதனால் சட்டிக்கு. இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கள் என்பது பலருக்குத் தெரியாது.

கோடையில் ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்து கிடக்கும். மேலே சூடான, லேசான தண்ணீர். அடியில் குளிர்ந்த, கனமான தண்ணீர். இரண்டும் கலக்காது. அடியில் இருக்கும் ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும். எனவே மீன்கள் ஆழத்துக்குப் போக முடியாது, போனால் மூச்சு முட்டும்.

இலையுதிர் காலத்தில் மேல்தண்ணீர் குளிர்கிறது. குளிர்ந்தால் கனம் கூடும், கனம் கூடினால் கீழே இறங்கும். ஒரு கட்டத்தில் அடுக்குகள் உடைந்து மொத்த ஏரியும் கலங்கிக் கலக்கிறது. ஆக்சிஜன் அடிமட்டம் வரை போய்ச் சேர்கிறது. அதுவரை பூட்டிக் கிடந்த ஆழம் திறந்துவிட்ட மாதிரிதான்.

முதலில் நகர்வது ஷாட் எனும் இரை மீன். நம்மூர் மத்திக்குச் சொந்தக்கார மீன் இது. தண்ணீர் குளிரத் தொடங்கும்போது ஓடை முகப்புகளுக்குள் கூட்டமாக நுழையும், பின்னாலேயே பாஸும் போகும். குளிர் இன்னும் ஏறினால் ஷாட் ஆழத்தில் இறங்கிவிடும். அணை கட்டியபோது வெட்டாமல் விட்ட மரங்கள் நிறைய உண்டு. மூழ்கிய அந்த மரங்களை ஒட்டியும், பழைய ஓடையின் பள்ளத்திலும் கிராப்பி கூட்டம் அடைந்து கிடக்கும். குஞ்சு மீனையோ சின்ன ஜிக்கையோ நேராக இறக்கி, அசைக்காமல் பிடித்திருந்தாலே போதும். இதன் வாய் காகிதம் போல மெல்லியது, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் தப்பிவிடும்.

சிக்கல் இங்கேதான். மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை ஒன்று உண்டு, தண்ணீரில் மிதக்கும் மட்டத்தைச் சரிசெய்துகொள்ள. கிராப்பிக்கும் பாஸுக்கும் அது மூடிய பை, வாய் வழியாகக் காற்றை உடனே வெளியேற்ற முடியாது. 33 அடி ஆழத்தில் நீரின் அழுத்தம் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு. அங்கிருந்து மீனைச் சரசரவென்று மேலே இழுத்தால் பைக்குள் இருக்கும் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். கண் பிதுங்கும், உள்ளுறுப்புகள் நசுங்கும். திருப்பி விட்டாலும் மல்லாந்து மிதக்கும், இல்லையென்றால் கீழே போய்ச் சாகும். வீணாகப் போவதற்குப் பதில் கணக்கில் வரட்டும், சீக்கிரம் 25 நிரம்பி ஆள் கிளம்பட்டும் என்பதுதான் விதியின் நோக்கம். கேட்க முரட்டுத்தனமாக இருந்தாலும் கணக்கு சரியாகவே இருக்கிறது.

பாஸ் கதை வேறு. லேக் ஃபோர்க்கில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ள பாஸை விட்டே ஆக வேண்டும். நாளைக்கு 5 மீன் வரை வைத்துக்கொள்ளலாம், அதில் 24 அங்குலத்துக்கு மேல் ஒன்றுதான். பெரிய மீன்களைக் காப்பாற்றி வளர்த்த ஏரி இது. 1986 நவம்பரில் இங்கே பிடிபட்ட 17.67 பவுண்ட் (சுமார் 8 கிலோ) பாஸுக்கு எதெல் என்று பெயரே வைத்தார்கள். பெரிய பாஸ்களை இரவல் வாங்கி இனப்பெருக்கம் செய்யும் டெக்சாஸ் அரசுத் திட்டத்தின் முதல் மீன் அதுதான். அந்தச் சாதனையை 1992 ஜனவரியில் 18.18 பவுண்ட் பாஸ் பிடித்து முறியடித்தார் பாரி செயின்ட் கிளேர். அதுவும் இதே ஏரியில்தான். சுவாரஸ்யம் என்னன்னா, அன்னைக்கு அவர் தூண்டில் போட்டது கிராப்பிக்கு!

உண்மையில் கவனம் தேவைப்படும் மாதம் நவம்பர். மீன் அதற்குள் ஆழத்தில் இறங்கியிருக்கலாம், ஆனால் 10 அங்குல விதியும் அமலில் இருக்கும். பொடி மீனை வைத்துக்கொள்ளவும் முடியாது, விட்டாலும் பிழைப்பது சந்தேகம். எனவே ஆழத்திலிருந்து தொடர்ந்து பொடியாகவே மாட்டினால், படகை ஆழம் குறைந்த இடத்துக்கு நகர்த்துவதுதான் ஒரே வழி. கிளம்பும் முன் அந்தப் பருவத்துக்கான விதிகளை மாநிலத் துறையின் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுவதும் நல்லது.