டி-ஷர்ட் விற்க உரிமம் வேண்டும்... வழக்காட?

நடைபாதையில் டி-ஷர்ட் விற்பவருக்கு உரிமம் வேண்டும். 18 மாதம் சிறைக்குப் போகக்கூடியவருக்காக வாதாடுபவருக்கு எதுவும் வேண்டாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் 1999-இல், ரோமனோவிச் வழக்கில் இப்படித்தான் நொந்துகொண்டது. வழக்கறிஞர் பட்டம் இல்லாமலே கட்டணம் வாங்கி வழக்காடிய 'பாராலீகல்'களைப் பற்றிய பேச்சு அது.

இவர்கள் பெருகியதில் ஆச்சரியமில்லை. வேகமாகக் கார் ஓட்டியதற்கான அபராதச் சீட்டை எதிர்க்க வழக்கறிஞரை அமர்த்தினால், அபராதத்தைவிட அவர் கட்டணம் பெரிதாகிவிடும். 1980-களில் முன்னாள் போலீஸ்காரர் ஒருவர் இதையே தொழிலாக்கினார். அவருக்கு எதிரான வழக்கு 1987-இல் மேல்முறையீட்டிலும் எடுபடவில்லை. தொழிலைத் தடுக்கச் சட்டமில்லை. கட்டணத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டவரைக் கேட்கவும் ஆளில்லை.

2007 மே 1 முதல் நிலைமை மாறியது. இப்போது ஒன்டாரியோ பாராலீகல் கல்லூரியில் படித்து, களப்பயிற்சி முடித்து, தேர்வு எழுதி, தொழில் காப்பீடும் எடுக்க வேண்டும். தவறினால் வழக்கறிஞர்களை விசாரிக்கும் அதே சட்டச் சங்கத்தில் புகார் செய்யலாம். உரிமமில்லாமல் தொழில் நடத்திச் சிக்கினால், முதல் முறையே 25,000 டாலர் வரை அபராதம். போக்குவரத்துக் குற்றங்கள், சிறு கோரிக்கை நீதிமன்றம், வாடகைத் தீர்ப்பாயம், அகதி வழக்குகளைக் கேட்கும் வாரியம் ஆகியவை இவர்களுக்குத் திறந்த களங்கள். சிறு கோரிக்கை வழக்கின் உச்சவரம்பு 2010-இல் 25,000 டாலர். 2025 அக்டோபர் முதல் 50,000. ஒன்டாரியோவின் ஸ்கார்பரோ பகுதியில் தமிழிலேயே வழக்கைச் சொல்லி ஆலோசனை கேட்க முடிகிறது என்பது அங்குள்ள நம்மவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

குறைகளும் உண்டு. படிப்பு, காப்பீடு, ஆண்டுக் கட்டணம் எல்லாம் கடைசியில் கட்சிக்காரர் தலையில்தான் விடியும். வாடகைத் தீர்ப்பாயத்தில் வீட்டுக்காரர் பாராலீகலோடு வர, குடியிருப்பவர் தனியாக நிற்பது வாடிக்கையான காட்சி. உரிமம் தரத்தைக் காக்கும். ஏழையின் பையில் பணம் போடாது.

அதைவிடச் சிக்கலானது, கடிவாளம் யார் கையில் என்பது. சட்டச் சங்க நிர்வாகக் குழுவில் தேர்ந்தெடுக்கப்படும் வழக்கறிஞர்கள் 40 பேர், பாராலீகல்கள் ஐவர். போட்டியாளரிடமே அனுமதி கேட்கும் கதைதான். விவாகரத்து, குழந்தைப் பொறுப்பு போன்ற குடும்ப வழக்குகளில்தான் வழக்கறிஞர் இல்லாமல் திண்டாடுவோர் அதிகம். அவற்றில் சிலவற்றைப் பாராலீகல்களுக்குத் திறந்துவிடலாம் என்று ஒன்டாரியோ நீதிபதி பொங்கலோ 2017-இல் பரிந்துரைத்தார். வழக்கறிஞர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். குடும்ப வழக்கில் ஒரு தவறு குழந்தையின் வாழ்க்கையையே புரட்டிவிடும் என்ற அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆளே இல்லாமல் நிற்பவருக்கு அந்த வாதத்தால் என்ன பயன்?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணம் எதிர்த்திசையில் போனது. குடும்ப வழக்குகளுக்கென்றே 2012-இல் புது உரிமத்தை உருவாக்கி, 2015-இல் முதல் ஆட்களைக் களமிறக்கியது. ஆனால் கேட்டதோ 3,000 மணி நேர அனுபவம். தந்ததோ ஒரே துறை, அதிலும் நீதிமன்றத்தில் வாதாட அனுமதியில்லை. பின்னர் விதிகளைத் தளர்த்தியும் 2020 வரை உரிமம் பெற்றவர்கள் 50 பேரைத் தாண்டவில்லை. செலவு அதிகம், ஆர்வம் குறைவு என்று அந்த ஆண்டே மாகாண உச்ச நீதிமன்றமே திட்டத்துக்கு மூடுவிழா நடத்தியது. ஒன்டாரியோ ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த தொழிலை வரம்புக்குள் கொண்டுவந்தது. வாஷிங்டன் இல்லாத தொழிலுக்கு மலையேறும் தகுதிகளை வைத்தது. வித்தியாசம் அங்கேதான். இந்தத் தோல்விக்குப் பிறகும் அரிசோனா, ஒரேகான் மாகாணங்கள் தத்தம் உரிமங்களைக் கொண்டுவந்துள்ளன.

ஒன்டாரியோவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: முன்பணம் கொடுக்கும் முன், சட்டச் சங்கத்தின் இணையப் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள். உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்பது அங்கே தெரியும். கட்டணம் கிடையாது.